மீண்டும் மருத்துவக் கல்லூரிக்கு விண்ணப்பிக்கையில் பழைய கட்டுரையை என்ன செய்வது?

அமெரிக்காவில் அடிப்படை மருத்துவப் பட்டமான எம்.டி. படிப்புக்கு விண்ணப்பிப்பவர்களில் பாதிக்கும் குறைவானவர்களுக்கே ஓர் ஆண்டில் இடம் கிடைக்கிறது என்பதால், மறுமுறை விண்ணப்பிப்பதில் வெட்கப்பட ஏதுமில்லை. ஆனால் சென்ற ஆண்டு மறுக்கப்பட்ட அதே விண்ணப்பத்தை, தேதிகளை மட்டும் மாற்றி மீண்டும் அனுப்புவது பெருந்தவறு.

இந்தத் தவறுக்குப் பெரும்பாலும் அவசரமே காரணமாகிறது. பொது விண்ணப்பத் தளமான ஆம்காஸ் மே மாதத்தில் திறக்கிறது. பல கல்லூரிகள் விண்ணப்பங்கள் வந்து சேரச் சேரவே பரிசீலிப்பதால், முந்திக்கொள்ள வேண்டும் என்ற பதற்றம் இயல்பாகவே எழுகிறது. முந்தைய சுற்றின் முடிவு தெளிவாவதற்கும் அடுத்த சுற்று தொடங்குவதற்கும் இடையே சில வாரங்களே இருக்கும் நிலையில், புதிதாகச் சொல்ல ஒன்றுமில்லாதவர் ஓராண்டு பொறுத்து விண்ணப்பிப்பதே நல்லது என்று நான் உறுதியாகக் கருதுகிறேன்.

தன்விளக்கக் கட்டுரைக்கு இடைவெளிகளையும் சேர்த்து 5,300 எழுத்துக்குறிகளே அனுமதி. பழைய கட்டுரையில் அங்கொரு சொல்லையும் இங்கொரு வாக்கியத்தையும் மாற்றிவிட்டுப் புதியது என்று நம்பிக்கொள்வது வீண். முந்தைய விண்ணப்பத்தைக் கல்லூரியால் எடுத்து ஒப்பிட முடியும். இதற்கு நேரெதிரான தவறும் உண்டு. சென்ற முறை பாட்டியின் நோயே தன்னை மருத்துவத்துக்கு இழுத்தது என்று எழுதியவர், இம்முறை அதை அடியோடு விட்டுவிட்டு ஆய்வுக்கூட ஆர்வமே காரணம் என்று எழுதினால், படிப்பவருக்கு இரண்டின்மீதும் ஐயம் எழும். அடிப்படைக் காரணம் உண்மையானால் அது அப்படியே இருக்கட்டும். இடைப்பட்ட காலத்தில் நோயாளிகளுடன் பழகியது அந்தக் காரணத்தை எப்படி ஆழப்படுத்தியது, எதைத் திருத்தியது என்பதற்கே புதிய கட்டுரையின் பெரும்பகுதியை ஒதுக்க வேண்டும். மறுக்கப்பட்ட வருத்தத்தையோ தேர்வுமுறை மீதான மனக்குறையையோ அங்கே கொட்டக் கூடாது. என்ன முன்னேற்றம் கண்டீர்கள் என்று பல கல்லூரிகள், ஆம்காஸுக்குப் பிறகு தாங்களே நிரப்பச் சொல்லும் இரண்டாம் நிலை விண்ணப்பத்தில் தனியாகவே கேட்கின்றன. அதற்கான விடையில் புதிய பாடங்களையும் பணிகளையும் குறிப்பாகச் சொன்னால் போதும்.

அனுபவப் பட்டியலைப் பலர் கவனிக்காமல் விட்டுவிடுகிறார்கள். அதிகபட்சம் 15 பதிவுகளுக்கு இடமுண்டு. ஒவ்வொன்றுக்கும் 700 எழுத்துக்குறிகள், மிக முக்கியமானவை என நாம் குறிக்கும் மூன்றுக்கு மட்டும் கூடுதலாக 1,325. மருத்துவமனைத் தன்னார்வப் பணி இன்னும் தொடரும்போது பழைய மணிநேரக் கணக்கையே விட்டுவைப்பது, ஓராண்டு உழைப்பை நாமே மறைப்பதற்குச் சமம். அந்த மூன்றும் இன்றும் அதே மூன்றுதானா என்பதையும் யோசிக்க வேண்டும்.

பரிந்துரைக் கடிதங்கள் ஆம்காஸில் ஓர் ஆண்டிலிருந்து அடுத்த ஆண்டுக்குத் தாமாக வந்து சேர்வதில்லை. அவற்றை மீண்டும் அனுப்பச் செய்ய வேண்டும். அப்படிக் கேட்கும்போதே, இந்த ஓராண்டில் செய்தவற்றைச் சொல்லிப் புதுப்பித்துத் தரும்படி ஆசிரியரிடம் வேண்டுவது முறை. புதிய பணியிடத்தில் நம்மை நேரில் கண்டவரிடமிருந்து ஒரு கடிதம் கிடைத்தால் இன்னும் சிறப்பு.

கல்லூரிப் பட்டியலையும் மறுபரிசீலனை செய்ய வேண்டும். அரசுக் கல்லூரிகள் பலவும் தம் மாநிலத்தவருக்கே பெரும்பாலான இடங்களை வழங்குகின்றன என்பதைக் கவனியாமல் சென்ற முறை விண்ணப்பித்திருந்தால், கட்டுரையை எவ்வளவு செதுக்கினாலும் பயன் குறைவு. மருத்துவக் கல்லூரி நுழைவுத் தேர்வான எம்கேட்டின் மதிப்பெண்ணே தடையாக இருந்திருந்தால், முதலில் அந்தத் தேர்வை மீண்டும் எழுதத் தயாராக வேண்டும். கட்டுரைத் திருத்தம் அதற்குப் பிறகுதான்.