பொது வாஷிங் மெஷின்: அக்கம்பக்கத்தோடு சண்டையில்லாமல் துணி துவைக்க ஒரு வழிகாட்டி

ஒரு நாள் காலை ஏழு மணிக்குத் துணி எடுக்கக் கீழே போனேன். நான் போட்ட துணி மெஷினுக்குள் இல்லை. மெஷின் மேல் குவியலாகக் கிடந்தது. சரியாக அலசக்கூட இல்லை, நுரை அப்படியே இருந்தது. நீலச் சட்டை ஒன்றின் கை கீழே தொங்க, அதன் நுனியிலிருந்து தண்ணீர் சொட்டுச் சொட்டாகத் தரையில் விழுந்துகொண்டிருந்தது. உள்ளே யாருடைய போர்வையோ சுற்றிக்கொண்டிருந்தது.

எனக்கு வயிறு எரிந்தது. அந்தக் கோபத்திலேயே ஒரு தாளில் கொட்டை எழுத்தில் நாலு வரி எழுதிச் சுவரில் ஒட்டிவிட்டு வந்தேன். மாலையில் அதற்குக் கீழே யாரோ பதிலுக்கு இரண்டு வரி எழுதியிருந்தார்கள். மறுநாள் தாளையே காணோம். போர்வைக்காரர் யார் என்று எனக்குத் தெரியவந்ததே மூன்று வாரம் கழித்துத்தான். அதைப் பிறகு சொல்கிறேன்.

அடுக்குமாடியிலோ விடுதியிலோ பத்து வீட்டுக்கு ஒரு மெஷின் இருக்கும் இடத்தில் முதன்முறையாகக் குடியேறுகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். வரிசைப்படி செய்துபாருங்கள்.

படி 1: மெஷின் எவ்வளவு நேரம் ஓடுகிறது என்று நீங்களே கணக்குப் பாருங்கள்

முதல் தடவை துணி போடும்போது போனில் ஸ்டாப்வாட்ச்சைத் தட்டிவிடுங்கள். மேலே மூடி உள்ள மெஷின் பெரும்பாலும் முக்கால் மணி நேரத்தில் முடித்துவிடும். முன்பக்கம் கதவு உள்ளதற்கு வழக்கமான பருத்தி ஓட்டமே ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். ‘எகோ’ என்று போட்டிருப்பதைத் தொட்டால் மூன்று மணி நேரம்கூட இழுக்கும். குறைந்த சூட்டில் நிதானமாகத் துவைத்து மின்சாரத்தை மிச்சப்படுத்துவதுதான் அதன் வேலை. சொந்த வீட்டில் அது நல்ல பழக்கம். கீழே நாலு பேர் கூடையோடு காத்திருக்கும்போது அதைத் தவிர்த்துவிடுங்கள்.

திரையில் காட்டும் நிமிடத்தை அப்படியே நம்பக் கூடாது. அது மெஷினின் மதிப்பீடு, அவ்வளவுதான். துணி ஒரு பக்கமாகச் சுருண்டுகொண்டால் மெஷின் ஸ்பின்னை நிறுத்தி, துணியைப் பிரித்துப் போட்டு, மறுபடி முயலும். நுரை அதிகமானால் நவீன மெஷின்கள் பலவும் கூடுதலாக அலசும். இந்த நேரமெல்லாம் திரையில் ‘1 நிமிடம்’ என்றே நின்றுகொண்டிருக்கும். ஓட்டம் முடிந்த பிறகும் முன்பக்கக் கதவின் பூட்டு விடுபட ஒன்றிரண்டு நிமிடம் ஆகும். பிடித்து இழுக்காதீர்கள், கைப்பிடி உடைந்தால் பத்து வீட்டுக்கும் துணி துவைக்க வழி இல்லை.

படி 2: துணி போடும் முன் இரண்டு நிமிடச் சோதனை

உங்களுக்கு முன்னால் துவைத்தவர் என்னென்ன விட்டுப்போனார் என்று தெரியாது. அதனால் இந்த இரண்டு நிமிடத்தை ஒருபோதும் விடாதீர்கள்.

முன்பக்கக் கதவைத் திறந்ததும் அந்தச் சாம்பல்நிற ரப்பர் வளையத்தை விரலால் விரித்து, அடிமடிப்பு வரை தடவுங்கள். தேங்கிய தண்ணீர், முடிக்கற்றை, ஊறிப்போன டிஷ்யூ, சேஃப்டி பின், நாணயம் என்று எல்லாம் அங்கேதான் ஒளிந்திருக்கும். ஒரு தடவை எனக்கு அதில் திறந்த நிலையில் ஒரு சேஃப்டி பின் கிடைத்தது. தடவிப் பார்க்காமல் போட்டிருந்தால் மெல்லிய பருத்தித் துணி கிழிந்திருக்கும். பழைய துணி ஒன்றைக் கையோடு கொண்டுபோய் வளையத்தைத் துடைத்துவிடுங்கள்.

அடுத்து டிரம்முக்குள் தலையை நீட்டி, மேல்பக்கத்தையும் பாருங்கள். ஒற்றைச் சாக்ஸ் ஒன்று மேலே ஒட்டிக்கொண்டிருக்கும். அது சிவப்புச் சாக்ஸாக இருந்தால் உங்கள் வெள்ளை வேட்டி அன்றோடு இளஞ்சிவப்பு.

பிறகு சோப்புப் போடும் தட்டை முகர்ந்து பாருங்கள். ப்ளீச் வாடை வந்தால் துணி போடாமல் வெறுமனே ஒரு ரின்ஸும் ஸ்பின்னும் ஓட்டுங்கள். தட்டில் தங்கிய ப்ளீச் கறுப்புத் துணியில் பட்டால் ஆரஞ்சுப் புள்ளி விழும், அது திரும்பப் போகாது. சுத்தம் செய்கிறேன் என்று அந்தத் தட்டில் வினிகரையோ அமோனியா கலந்த எதையுமோ ஊற்றிவிடாதீர்கள். ப்ளீச்சோடு அவை சேர்ந்தால் மூச்சைத் திணறடிக்கும் நச்சு வாயு வரும்.

டிரையர் இருந்தால் அதன் பஞ்சு வடிகட்டியை ஒவ்வொரு முறையும் உருவி, படிந்த பஞ்சைச் சுருட்டி எடுங்கள். முன்னால் போனவர் எடுக்கவில்லையே, நான் ஏன் எடுக்க வேண்டும் என்று இதில் மட்டும் வீம்பு பிடிக்க வேண்டாம். பஞ்சு அடைத்தால் காற்று போகாது, துணி காய இரண்டு மடங்கு நேரம் பிடிக்கும். டிரையரில் தீப்பிடிப்பதற்கு முக்கியக் காரணங்களில் அதுவும் ஒன்று. எண்ணெய் ஊறிய துண்டை, துவைத்த பிறகும்கூட, டிரையரில் போடக் கூடாது என்பதும் தீப்பிடிக்கும் ஆபத்தால்தான்.

படி 3: சோப்பைக் குறையுங்கள்

துணியை அடைத்துத் திணிக்க வேண்டாம். பருத்தி என்றால் துணிக்கும் டிரம்மின் மேல்பக்கத்துக்கும் நடுவே உள்ளங்கை நுழைய வேண்டும். செயற்கை இழை என்றால் பாதி டிரம் போதும். சோப்பு, பாக்கெட்டில் சொன்ன அளவுக்கு மேல் ஒரு துளிகூட வேண்டாம். நுரை நிறைய வந்தால் அழுக்கு நன்றாகப் போகும் என்பது வாளியில் துவைத்த நாளின் நினைப்பு. மெஷினில் அது ஓட்டத்தை நீட்டும், துணியில் பிசுபிசுப்பாகத் தங்கும், அடுத்தவர் துணியிலும் போய் ஒட்டும்.

படி 4: மெஷின்மேல் ஒரு சீட்டும் பக்கத்தில் ஒரு கூடையும்

இந்த வழிகாட்டியில் ஒன்றை மட்டும் செய்வீர்கள் என்றால், இதைச் செய்யுங்கள். ஒரு சின்னச் சீட்டில் இப்படி எழுதி, எளிதில் உரியும் காகித டேப்பால் மெஷினில் ஒட்டுங்கள்:

‘வீட்டு எண் 7. ஓட்டம் முடிவது காலை 7.20. நான் வரத் தாமதமானால், பத்து நிமிடம் பார்த்துவிட்டுத் துணியை இந்தக் கூடையில் எடுத்து வைக்கலாம்.’

கூடவே சுத்தமான காலிக் கூடை ஒன்றை மெஷின் காலடியில் வைத்துவிட்டு வாருங்கள். போன் எண் எழுதுவது உங்கள் விருப்பம். பலரும் வந்துபோகும் இடம் என்றால் வீட்டு எண்ணே போதும்.

இது ஏன் வேலை செய்கிறது? கூடையோடு நிற்கிறவருக்கு எரிச்சலைக் கிளப்புவது, எவ்வளவு நேரம் நிற்க வேண்டும் என்று தெரியாததுதான். மணி தெரிந்தால் மேலே போய் ஒரு காபி குடித்துவிட்டு வருவார். துணியைத் தொடலாமா கூடாதா என்ற சங்கடமும் அவருக்கு இருக்காது, நீங்களே அனுமதி எழுதிவிட்டீர்கள். வைக்கக் கூடை இருக்கும்போது தரையில் போட யாருக்கும் மனம் வராது. நான் இதைத் தொடங்கிய பிறகு என் துணி ஒரு தடவைகூட மெஷின் மேல் கிடக்கவில்லை.

படி 5: அலாரம்

முடிவதற்கு ஐந்து நிமிடம் முன்பே அடிக்கிற மாதிரி வையுங்கள். ஈரத்துணி டிரம்முக்குள் மணிக்கணக்கில் கிடந்தால் முடை நாற்றம் பிடிக்கும். மொரக்செல்லா ஆஸ்லோயென்சிஸ் என்ற பாக்டீரியா இதற்கு முக்கியக் காரணம் என்று ஜப்பானிய ஆய்வாளர்கள் 2012-ல் கண்டறிந்தார்கள். காய்ந்தபின் வாடை போனமாதிரி தெரியும். உடுத்தி வியர்த்தவுடன் திரும்ப வரும். அப்படிப் பிடித்துவிட்டால், துணியில் தைத்திருக்கும் சலவைக் குறிப்புப் பட்டியில் அனுமதி இருக்குமானால் 60 டிகிரி சூட்டில் மறுபடி துவைத்து, உடனே நன்றாகக் காயவையுங்கள்.

படி 6: அடுத்தவர் துணி உள்ளேயே கிடந்தால்

ஓட்டம் முடிந்துவிட்டதா என்பதை முதலில் உறுதிசெய்யுங்கள். திரையில் ‘1 நிமிடம்’ என்றே நின்றாலும் அது ஓடுகிற மெஷின்தான், தொடாதீர்கள். முடிந்திருந்தால் பத்துப் பதினைந்து நிமிடம் பொறுங்கள். வீடு தெரிந்தால் கதவைத் தட்டிச் சொல்லுங்கள். அதற்கும் வராவிட்டால் கையைக் கழுவிக்கொண்டு, துணியை மொத்தமாக அள்ளிக் கூடையில் வையுங்கள். மடிக்கவோ பிரித்துப் பார்க்கவோ வேண்டாம். உள்ளாடையெல்லாம் இருக்கும், மற்றவர் கண்ணில் படாமல் மேலே ஒரு துண்டைப் போர்த்திவிடுங்கள். உதவி என்று நினைத்து டிரையரில் மட்டும் போட்டுவிடாதீர்கள். கம்பளித் துணி சுருங்கிப்போனால் அந்தப் பழி உங்கள் தலையில்தான். ‘7.40-க்கு எடுத்து வைத்தேன், வீட்டு எண் 7’ என்று ஒரு சீட்டு வைத்துவிடுங்கள். எண்ணைப் போடாமல் விட்டால் அது மொட்டைக் கடிதம் ஆகிவிடும்.

படி 7: நேரில் பேசுங்கள், ஆனால் ஈரக் கையோடு வேண்டாம்

போர்வைக்காரர் மேல்மாடியில் இருக்கும் ஒரு அக்கா. மாடிப்படியில் தற்செயலாகப் பேசும்போதுதான் விஷயம் வெளியே வந்தது. “கால் மணி நேரமா ஒண்ணுன்னே காட்டிக்கிட்டு நின்னுச்சுப்பா. மெஷின் கெட்டுப்போச்சுன்னு நெனச்சு நிறுத்தி, தண்ணிய வடியவிட்டு எடுத்தேன். யார் துணின்னும் தெரியல.” அன்று நான் சோப்பை இரண்டு மூடி ஊற்றியிருந்தேன். நுரை அடங்காமல் மெஷின் அலசிக்கொண்டே இருந்திருக்கிறது. அவர் கூடையில் வைத்திருக்கலாம், அதையும் அவரிடம் சொன்னேன். ஆனால் நான் சுவரில் ஒட்டிய நாலு வரியில் ஒன்றுகூட உண்மையில்லை.

பேசுகிற விதம் முக்கியம். “நீங்க எப்பவும் இப்படித்தான்” என்று தொடங்கினால் பேச்சு அங்கேயே முடிந்துவிடும். நடந்ததையும் உங்களுக்கு வேண்டியதையும் மட்டும் சொல்லுங்கள்: “அண்ணா, சனிக்கிழமை மூணு மெஷின்லயும் உங்க துணிதான் ஓடுச்சு, எனக்கு ராத்திரி வரைக்கும் கிடைக்கல. அடுத்த வாரம் ஒண்ணு மட்டும் எனக்கு விட்டுத் தர்றீங்களா?” வேண்டியது இன்னது என்று தெளிவாகக் கேட்டால் பெரும்பாலானோர் சரி என்பார்கள். செருப்பு, வளர்ப்பு நாயின் விரிப்பு போன்றவற்றைப் போடுகிறவரிடம், முடித்தபின் ஒரு வெறும் ரின்ஸ் ஓட்டிவிட்டு ரப்பர் வளையத்தைத் துடைக்கச் சொல்லுங்கள். சரி என்று சொல்லிவிட்டு மறுபடி அதையே செய்கிறவர்களும் உண்டு. அவர்களோடு மல்லுக்கட்ட வேண்டாம், அடுத்த படிக்குப் போங்கள்.

படி 8: நேர அட்டவணை

சுவீடனில் அடுக்குமாடிகளின் பொதுத் துவைப்பறைகளில் ஒரு பலகை இருப்பதுண்டு. ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு சின்னப் பூட்டு. எந்த நாள், எந்த நேரம் வேண்டுமோ அந்தத் துளையில் பூட்டைச் செருகிவிட்டால் அது உங்கள் நேரம், வேறு யாரும் எடுக்க முடியாது. நமக்குப் பூட்டெல்லாம் வேண்டாம், வாரக் கட்டம் போட்ட ஒரு தாளும் கயிற்றில் கட்டிய பேனாவும் போதும். இரண்டு மணி நேரத்துக்கு ஒரு கட்டம். கால் மணி தாமதமானால் அந்தக் கட்டம் அடுத்தவருக்கு. வார இறுதியில் ஒரு வீட்டுக்கு ஒரு கட்டம்தான். கைக்குழந்தையோ படுக்கையில் நோயாளியோ இருக்கும் வீடுகளுக்காகத் தினமும் ஒரு கட்டத்தைக் காலியாக விடுங்கள், அவர்களுடைய துணி நாளைவரை காத்திருக்காது.

வாட்ஸ்அப் குழு தொடங்கினால் நேரம் சொல்ல மட்டும் என்று முதல் நாளே சொல்லிவிடுங்கள். புகார் அதில் வரத் தொடங்கினால் குழு ஒரு வாரம் தாங்காது.

இவ்வளவுக்குப் பிறகும் சரியாகவில்லை என்றால் கட்டட நிர்வாகத்துக்கு எழுதுங்கள். ஆளைப் பற்றி எழுதாமல் தேதி, நேரம், மெஷின் எண், என்ன நடந்தது என்பதை மட்டும் எழுதி, மெஷின் இருந்த நிலையின் படத்தை இணையுங்கள். அடுத்தவர் துணி படத்தில் வரக் கூடாது. டிரம்மில் தண்ணீர் வடியாமல் நிற்பது, டிரையர் வழக்கத்துக்கு மேல் சுடுவது, பொசுங்கும் வாடை: இந்த மூன்றுக்கும் கடிதம் எழுதிக்கொண்டிருக்க நேரமில்லை. மெஷினை நிறுத்தி, ‘ஓட்ட வேண்டாம்’ என்று சீட்டு ஒட்டிவிட்டு, அப்போதே போன் செய்யுங்கள்.