கறுப்பினச் சுவரோவியங்களைப் பற்றிப் பேசும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

அமெரிக்கக் கறுப்பின மக்களின் சுவரோவியம் ஒன்றைப் பார்த்ததும், "யார் வரைந்தது?" என்றுதான் முதலில் கேட்கிறோம். யாருடைய தெருவில் இருக்கிறது என்று கேட்பதில்லை. முதல் தவறு இதுதான்.

சிகாகோவின் தென்பகுதியில், 43ஆம் தெருவும் லாங்லி அவென்யூவும் சந்திக்கும் மூலையில், 1967இல் 'வால் ஆஃப் ரெஸ்பெக்ட்' என்ற மரியாதைச் சுவர் உருவானது. வில்லியம் வாக்கர், ஜெஃப் டொனால்ட்சன், பார்பரா ஜோன்ஸ்-ஹோகு உள்ளிட்ட ஒரு குழுவே சேர்ந்து வரைந்தது. குத்துச்சண்டை வீரர் முகமது அலி, பாடகி அரேதா ஃபிராங்க்ளின், கறுப்பின உரிமைத் தலைவர் மால்கம் எக்ஸ் எல்லோரும் அங்கிருந்த பழைய கட்டடத்தின் சுவரில் இருந்தார்கள். அருங்காட்சியகத்துக்குள் கால் வைக்காதவர்கள்கூட வேலைக்குப் போகும் வழியில் தங்கள் நாயகர்களைப் பார்த்தார்கள்.

அடுத்த தவறு, கறுப்பினத்தவரின் மதம் என்றாலே தேவாலயம் மட்டும்தான் என்றும், அதில் எல்லோரும் ஒரே பக்கம் என்றும் நினைப்பது. அந்தச் சுவரில் ஜாஸ், நாடகம், விளையாட்டு ஆகியவற்றோடு மதத்துக்கும் தனிப் பகுதி இருந்தது. அதில் வாக்கர், கறுப்பின முஸ்லிம்களின் அமைப்பான நேஷன் ஆஃப் இஸ்லாமின் தலைவர் எலைஜா முகமதுவை வரைந்தார். ஆனால் 1964இல் அந்த அமைப்பைவிட்டு விலகி, மறு ஆண்டே சுட்டுக் கொல்லப்பட்ட மால்கம் எக்ஸும் அதே சுவரில் இருந்தார். அவரோடு ஒரே சுவரில் தன் படம் இருப்பதை எலைஜா முகமது ஏற்கவில்லை. சரி, என்ன செய்வது? வாக்கர் எலைஜா முகமதுவின் முகத்தை அழித்து, அங்கே நாட் டர்னரை வரைந்தார். 1831இல் வர்ஜீனியாவில் அடிமைகளின் கிளர்ச்சிக்குத் தலைமை தாங்கியவர் டர்னர். தனக்குத் தெய்வக் காட்சிகள் கிடைத்ததாகச் சொன்ன பிரசங்கியும்கூட. ஆக, இஸ்லாமியத் தலைவரின் இடத்துக்கு பைபிள் பிரசங்கி ஒருவர் வந்தார். இன்னொன்றையும் கவனியுங்கள்: முந்தைய ஆண்டுதான் இதே நகரில் ஊர்வலம் நடத்திய பாதிரியார் மார்ட்டின் லூதர் கிங்குக்கு அந்தச் சுவரில் இடமே தரவில்லை. யாரைச் சேர்த்தார்கள் என்பதோடு யாரைச் சேர்க்கவில்லை என்பதையும் பார்த்தால்தான் அந்தச் சமூகத்துக்குள் நடந்த வாதம் பிடிபடும்.

கறுப்பு நிறத்தில் மரியாளையோ இயேசுவையோ கண்டால், வேண்டுமென்றே சீண்டுகிறார்கள் என்று சொல்லிவிடுவதும் உண்டு. டெட்ராய்டில் பாதிரியார் ஆல்பர்ட் கிளீஜின் தேவாலயத்தில் பலிபீடத்துக்கு மேலே இருந்த கண்ணாடி ஓவியத்தில், கப்பலில் வந்து குடியேறிய வெள்ளைக்காரர்கள்தான் இருந்தார்கள். 1967 ஈஸ்டர் அன்று, அதே இடத்தில் கிளான்டன் டவ்டெல் வரைந்த கறுப்பு மரியாள், கையில் குழந்தையோடு திறந்து வைக்கப்பட்டாள். அதுவரை ஒவ்வொரு ஞாயிறும் அண்ணாந்து பார்த்து, தன் சாயலில் ஒரு முகத்தைக்கூடக் காணாத ஒரு தாயை நினைத்துப் பாருங்கள். அவளுக்கு அது சீண்டலாகவா தெரிந்திருக்கும்?

அப்புறம், பழைய புகைப்படத்தைப் போட்டு "இன்றும் காணலாம்" என்று எழுதிவிடாதீர்கள். மரியாதைச் சுவர் இருந்த கட்டடம் 1971இல் தீப்பிடித்து, பின்னர் இடிக்கப்பட்டது. சிகாகோவின் கப்ரினி-கிரீன் குடியிருப்புக்கு அருகே ஒரு தேவாலயத்தின் முகப்பில் வாக்கர் வரைந்த 'ஆல் ஆஃப் மேன்கைண்ட்' என்ற ஓவியமோ நாற்பது ஆண்டுகளுக்கு மேல் நின்றது. 2015 டிசம்பரில் அதன்மேல் வெள்ளையடித்துவிட்டார்கள்.