ஒரே ஹெடரில் பல ஃபேன்: மதர்போர்டைக் கருக்கும் தவறுகள்

ஊட்டியிலோ கோத்தகிரியிலோ ஒரு மதர்போர்டு கருகினால், மாற்றுப் போர்டுக்காகப் பெரும்பாலும் மேட்டுப்பாளையம் இறங்கி கோவை வரை போக வேண்டியிருக்கிறது. அந்த அலைச்சலுக்குப் பல நேரம் காரணம், கணக்குப் பார்க்காமல் மாட்டிய ஒரு மலிவான ஸ்ப்ளிட்டர், அதாவது ஒரு ஃபேன் இணைப்பைப் பல கிளைகளாகப் பிரிக்கும் கேபிள். கேபினட்டில் ஃபேன் கூடுதலாக மாட்டுவதில் தவறே இல்லை. மின்சாரம் எந்த வழியாக வருகிறது, வேகம் சொல்லும் சிக்னல் எந்த வழியாக வருகிறது என்று இரண்டையும் தனித்தனியாகப் பார்த்துவிட்டால் போதும்.

முதல் தவறு, ஃபேன்களின் எண்ணிக்கையை மட்டும் பார்ப்பது. ஹெடருக்கு, அதாவது போர்டில் ஃபேன் கேபிளைச் செருகும் முனைக்கு, எல்லை ஆம்பியரில்தான். பெரும்பாலான போர்டுகளில் ஒரு கேபினட் ஃபேன் ஹெடர் 1 ஆம்பியர் தாங்கும். 12 வோல்ட்டில் அது 12 வாட். வாட்டர் பம்ப்புக்கென்று ஒதுக்கிய ஹெடர் சில போர்டுகளில் 2 அல்லது 3 ஆம்பியர் வரை தரும். உங்கள் போர்டின் கையேட்டில் ஹெடர் வாரியாக இது அச்சாகியிருக்கும். பிறகு ஒவ்வொரு ஃபேனின் நடுவில் ஒட்டியுள்ள லேபிளைப் படித்துக் கூட்டுங்கள். 0.15 ஆம்பியர் ஃபேன் நான்கு என்றால் 0.6, ஒரே ஹெடரில் தாராளமாக ஓடும். 0.30 ஆம்பியர் ஃபேன் மூன்று என்றால் 0.9, எல்லைக்குள் இருப்பதுபோலத் தோன்றினாலும் மாட்டாதீர்கள். 1 ஆம்பியர் ஹெடருக்கு 0.8-ஐத் தாண்டாமல் வைத்துக்கொள்வதே நல்ல கணக்கு. பழைய சர்வரிலிருந்து கழற்றிய தடித்த ஃபேன்கள் இந்தக் கணக்கிலேயே சேராது. அவற்றில் பல, ஒன்றே 1 ஆம்பியருக்கு மேல் இழுக்கும்.

மீதி 0.2 எதற்கு? நின்றிருக்கும் ஃபேன் சுழலத் தொடங்கும் கணத்தில், ஓடும்போது இழுப்பதைவிட அதிகம் இழுக்கும். கம்ப்யூட்டர் ஆன் ஆனதும் பல போர்டுகள் எல்லா ஃபேனையும் சில நொடி முழு வேகத்தில் விடும். ஆடி மாதக் காற்றில் மரம் சாய்ந்து கரண்ட் போவதும் வருவதுமாக இருக்கும் நாட்களில், யூபிஎஸ் இல்லாத கம்ப்யூட்டர் இந்த இழுப்பைத் திரும்பத் திரும்பச் சந்திக்கிறது. 'பயாஸில் (போர்டின் செட்டிங் திரையில்) வேகத்தைக் குறைத்துவிட்டேன், அதனால் இன்னும் இரண்டு மாட்டலாம்' என்பது அதனால்தான் செல்லாது. கணக்கு எப்போதும் முழு வேகத்துக்குத்தான்.

எல்லை மீறினால் என்ன ஆகும்? பாதுகாப்பு சர்க்யூட் உள்ள போர்டு அந்த ஹெடரை மட்டும் நிறுத்திவிடும். இல்லாத போர்டில், ஹெடருக்கு மின்சாரம் தரும் சின்ன டிரான்சிஸ்டர் சூடேறி இறக்கும், அல்லது போர்டுக்குள் ஓடும் மெல்லிய செப்புக் கோடு கருகும். கனெக்டர் பிளாஸ்டிக் பழுப்பேறுவது அதற்கு முன்னறிவிப்பு. கவனித்தால் உடனே அணைத்துவிடுங்கள்.

கூட்டுத்தொகை எல்லையைத் தாண்டினால் வழி, மின்சாரத்தைக் கேபினட்டுக்குள் உள்ள பவர் சப்ளையான எஸ்எம்பிஎஸ்ஸிலிருந்து நேராக எடுத்துப் பல ஃபேன்களுக்குப் பிரித்துத் தரும் ஹப். இங்கேதான் ஆபத்தான ஒரு தவறு ஒளிந்திருக்கிறது. ஹப்பிலிருந்து மதர்போர்டுக்குப் போகும் கேபிளில் எத்தனை வயர் என்று மாட்டுவதற்கு முன் எண்ணிப் பாருங்கள். நான்கு துளை கனெக்டராக இருந்தாலும், வேகத்தைச் சொல்லும் வயரும் சுற்று எண்ணிக்கையைத் திருப்பிச் சொல்லும் வயரும் ஆக இரண்டு இருந்தால் போதும். கிரவுண்டும் சேர்ந்து மூன்று இருக்கலாம். 12 வோல்ட் துளை காலியாகத்தான் இருக்க வேண்டும். நான்கு வயரும் இருந்து, ஹப்புக்குள் 12 வோல்ட் கோடுகள் ஒன்றாக இணைந்திருந்தால், எஸ்எம்பிஎஸ்ஸின் மின்சாரம் ஹெடர் வழியாகப் போர்டுக்குள் பின்பக்கமாக ஏறும். மல்டிமீட்டரின் பீப் சோதனையில், எல்லாவற்றையும் கழற்றி வைத்துவிட்டு, எஸ்எம்பிஎஸ்ஸிலிருந்து ஹப்புக்கு மின்சாரம் வரும் சாட்டா கனெக்டரின் 12 வோல்ட் முனையையும் போர்டு கேபிளின் இரண்டாம் துளையையும் தொட்டுப் பாருங்கள். பீப் வந்தால் அந்த ஹப் வேண்டாம்.

சாட்டா பவர் கனெக்டரில் 12 வோல்ட்டுக்கு மூன்று முனைகள், ஒவ்வொன்றும் 1.5 ஆம்பியர், மொத்தம் 4.5. பத்து சாதாரண ஃபேனுக்கு இது தாராளம். ஆனால் பழைய நான்கு முனை பவர் கனெக்டரான மோலெக்ஸிலிருந்து சாட்டாவுக்கு மாற்றும் அடாப்டர்களில், வயர்களை வைத்து மொத்தமாக உருக்கி வார்த்த வகையைத் தொடவே வேண்டாம். உள்ளே வயர்கள் ஒன்றையொன்று தொட்டுத் தீப்பிடித்த சம்பவங்கள் ஏராளம். இன்னொன்று: ஒரு எஸ்எம்பிஎஸ்ஸின் கழற்றும் கேபிளை வேறொரு எஸ்எம்பிஎஸ்ஸில் செருகாதீர்கள். செருகல் பொருந்தினாலும் உள்ளே வரிசை மாறியிருக்கலாம். ஹார்ட் டிஸ்க் முதல் போர்டு வரை போய்விடும்.

வயரை வெட்டி முறுக்கி டேப் சுற்றும் பழக்கத்தில் நிறம் ஏமாற்றும். நான்கு பின் ஃபேனில் வழக்கமாகக் கறுப்பு கிரவுண்ட், மஞ்சள் 12 வோல்ட், பச்சை சுற்று எண்ணிக்கை, நீலம் வேகச் சிக்னல். மூன்று பின் ஃபேனில் பெரும்பாலும் சிவப்பு 12 வோல்ட், மஞ்சள் சுற்று எண்ணிக்கை. மஞ்சளோடு மஞ்சளை முறுக்கினால் 12 வோல்ட் நேராக எண்ணிக்கை வயரில் பாயும். முறுக்கவே வேண்டாம், ஸ்ப்ளிட்டர் வாங்குங்கள்.

நல்ல ஸ்ப்ளிட்டரில் ஒரு கிளையில் மட்டும்தான் எண்ணிக்கை வயர் இருக்கும். மற்ற கிளைகளில் மூன்றாம் துளை காலி. அது குறைபாடில்லை, இரண்டு ஃபேனின் எண்ணிக்கை ஒரே வயரில் கலந்தால் ஆர்பிஎம் தாறுமாறாகக் காட்டும். இதில் ஒரு இழப்பு, மற்ற ஃபேன்கள் நின்றாலும் போர்டுக்குத் தெரியாது. ஆகவே எண்ணிக்கை உள்ள கிளையில் பின்பக்க ஃபேனை மாட்டுங்கள். மற்றவற்றை மாதம் ஒருமுறை கண்ணால் பாருங்கள்.

மூன்று பின் ஃபேனையும் நான்கு பின் ஃபேனையும் ஒரே ஸ்ப்ளிட்டரில் கலப்பது அடுத்த குழப்பம். பயாஸில் பிடபிள்யூஎம் முறை (நான்காம் வயரின் சிக்னலால் வேகத்தை மாற்றுவது) வைத்தால் மூன்று பின் ஃபேன் முழு வேகத்தில் இரையும். டிசி முறை வைத்தால் வோல்ட்டேஜ் குறைந்து எல்லாமே மெதுவாகும், ஆனால் சில நான்கு பின் ஃபேன்கள் குறைந்த வோல்ட்டில் நின்றுவிடும். எஸ்எம்பிஎஸ்ஸிலிருந்து மின்சாரம் எடுக்கும் சாதாரண ஹப்பில் டிசி முறை வேலையே செய்யாது. ஒரு ஹெடருக்கு ஒரே மாடல் ஃபேன்கள் என்று வைத்துக்கொண்டால் தலைவலி இல்லை.

இனி மலைக்கு உரியவை. 2,240 மீட்டர் உயரமுள்ள ஊட்டியில் காற்றின் அடர்த்தி கடல் மட்டத்தைவிட ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைவு. அதே ஃபேன் அதே வேகத்தில் ஏந்திச் செல்லும் வெப்பமும் குறையும். இதைச் சொல்லி ஆறேழு ஃபேன் மாட்டுகிறார்கள். உள்ளே போகும் காற்று 15 டிகிரி என்பதை மறந்துவிடுகிறார்கள். இ-சேவை மையத்துக்கும் எஸ்டேட் அலுவலகத்துக்கும் முன்னால் இரண்டு, பின்னால் ஒன்று போதும். பல கேமிங் கம்ப்யூட்டர்களுக்கும் அதுவே போதுமானது. உறைபனி விழும் ஜனவரிக் காலையில் பேரிங் கிரீஸ் இறுகியிருக்கும். 20 சதவீத வேகத்தில் ஃபேன் கிளம்பாமல் துடிக்கும். குறைந்தபட்சத்தை 35 அல்லது 40 சதவீதமாக வைத்துவிடுங்கள். தேயிலை ஃபேக்டரியில் பறக்கும் நார்த்தூசு இறக்கைகளில் அப்பிக்கொண்டு ஃபேனுக்குச் சுமை கூட்டும். பிரஷ்ஷால் துடைக்கும்போது இறக்கையை விரலால் பிடித்துக்கொள்ளுங்கள். கூடலூர், பந்தலூர் மழை ஈரத்தில் பின்களில் பச்சையோ வெள்ளையோ பூத்தால், அந்த இடத்தில் மின்தடை கூடிச் சூடாகும். அந்த ஸ்ப்ளிட்டரை மாற்றிவிடுங்கள், சுரண்ட வேண்டாம்.

எல்லாம் மாட்டிய பிறகு பயாஸில் முழு வேகம் வைத்து 15 நிமிடம் ஓடவிடுங்கள். பின் கம்ப்யூட்டரை அணைத்து, பிளக்கைப் பிடுங்கி, ஹெடர் கனெக்டரையும் ஸ்ப்ளிட்டர் பிரியும் இடத்தையும் விரலால் தொட்டுப் பாருங்கள். லேசான வெதுவெதுப்பு தெரிந்தாலும் ஒரு ஃபேனைக் கழற்றி வேறு ஹெடருக்கு மாற்றுங்கள். வேறு ஹெடர் இல்லையென்றால் ஹப்.