பாஸ்பரஸ் என்எம்ஆரில் சிக்னல் வரவில்லையா? நல்லது!

இரும்பு–பாஸ்பீன் காம்ப்ளெக்ஸ் (பாஸ்பரஸ் வழியாக இரும்போடு பிணையும் மூலக்கூறுகள் ஒட்டிய சேர்மம்) வேலைக்குப் புதிதாக வருகிறவர்களிடம் நான் முதலில் செய்யச் சொல்வது, இரண்டு டிரைபீனைல்பாஸ்பீன் ஒட்டிய இரும்பு(II) குளோரைடு. செலவு குறைவு. தப்பு நடந்தால் உடனே காட்டிக்கொடுத்துவிடும்.

முதலில் இரும்பு குளோரைடின் நிறத்தைப் பாருங்கள். கிட்டத்தட்ட வெள்ளையாக, லேசான மண்நிறத்தில் இருந்தால் நீரற்றது. பச்சை என்றால் ஹைட்ரேட் (நீர் சேர்ந்தது), இதற்கு ஆகாது. துரு நிறம் ஏறியிருந்தால் இரும்பு(III) கலந்துவிட்டது. பழைய பாட்டில் பாஸ்பீனில் (இங்கே பாஸ்பீன் என்றால் டிரைபீனைல்பாஸ்பீன்தான்) ஆக்சைடு இருக்கும். சூடான எத்தனாலில் கரைத்து மறுபடி படிகமாக்கி, வேக்குவத்தில் நன்றாகக் காயவையுங்கள்.

ஷ்லெங்க் குடுவையில் (காற்றை வெளியேற்றி நைட்ரஜன் நிரப்பப் பக்கக்குழாய் உள்ளது), நைட்ரஜனுக்குக் கீழே, 127 மில்லிகிராம் இரும்பு குளோரைடு, 525 மில்லிகிராம் பாஸ்பீன், 15 மில்லி உலர்ந்த டொலுவீன். சூடாக்கி இரவு முழுக்கக் கலக்க விடுங்கள். எல்லாம் சட்டென்று கரையுமே என்று டிஹெச்எஃப் (டெட்ராஹைட்ரோஃபியூரான் கரைப்பான்) பக்கம் போகாதீர்கள். டிரைபீனைல்பாஸ்பீன் இரும்பை இறுக்கிப் பிடிக்கிற ஆள் இல்லை. டிஹெச்எஃப் அதைத் தள்ளிவிட்டுத் தானே உட்கார்ந்துகொள்ளும். சூடாகவே வடிகட்டி, உலர்ந்த ஹெக்ஸேனை மெதுவாக மேலே விட்டு வைத்தால் வெளிறிய திடப்பொருள் இறங்கும். காற்றுப் பட்டால் பழுப்பாகும்.

அப்புறம் பாஸ்பரஸ் என்எம்ஆர், அதாவது பாஸ்பரஸ் அணுக்கருக்களின் காந்த ஒத்ததிர்வைப் பார்க்கும் சோதனை. இங்கேதான் பலரும் பதறுவார்கள், ஏனென்றால் ஒன்றுமே தெரியாது. நான்முகி வடிவ இரும்பு(II)-இல் நான்கு தனி எலக்ட்ரான்கள். அதோடு நேராகப் பிணைந்த பாஸ்பரஸின் சிக்னல் அகன்று காணாமல் போய்விடும். கவலைப்பட வேண்டியது கூர்மையான சிக்னல் வந்தால்தான்: –5 பிபிஎம் பக்கம் என்றால் ஒட்டாத பாஸ்பீன், 25–30 என்றால் ஆக்சைடு.

சரி, வேறு சாட்சி? எவன்ஸ் முறை, அதாவது என்எம்ஆர் சிக்னல் எவ்வளவு நகர்கிறது என்பதை வைத்துக் காந்தத் தன்மையை அளப்பது. டியூட்ரோ பென்சீனில் (ஹைட்ரஜனுக்குப் பதில் டியூட்டீரியம் உள்ள பென்சீன்) 10 மில்லிமோலார் கரைசல், உள்ளே தூய கரைப்பான் நிரப்பிய கேப்பிலரி. 400 மெகாஹெர்ட்ஸ் கருவியில், அறை வெப்பநிலையில், இரண்டு பென்சீன் சிக்னலுக்கும் இடையே சுமார் 170 ஹெர்ட்ஸ் இருந்தால் காந்தத் திருப்புதிறன் 4.9 போர் மேக்னெட்டான் (காந்தத் திருப்புதிறனின் அலகு) வரும், அதாவது நான்கு தனி எலக்ட்ரான்கள். டயாமேக்னெடிக் திருத்தம் (இணைந்த எலக்ட்ரான்களின் எதிர்விளைவை ஈடுசெய்வது) சேர்த்தால் கொஞ்சம் ஏறும். புரோட்டான் என்எம்ஆரையும் 0–10 என்று வெட்டாமல் அகலமாக எடுங்கள். பீனைல் சிக்னல்கள் வழக்கமான இடத்தைவிட்டு விலகி நிற்கும்.

கடைசியாகத் தனிமப் பகுப்பாய்வு: கார்பன் 66.4, ஹைட்ரஜன் 4.6 சதவீதம் வர வேண்டும். கார்பன் மட்டும் எகிறினால் டொலுவீனோ மிச்ச பாஸ்பீனோ இருக்கிறது. டொலுவீன் வேக்குவத்தில் போய்விடும். பாஸ்பீன் போகாது, ஹெக்ஸேனில் கழுவுங்கள்.