பிரசவத்தில் ஆசனவாய் வரை கிழிவது: எங்கே தவறுகிறோம்?

தலைப்பிரசவம் முடிந்து வீடு திரும்பிய பெண்ணிடம் "எத்தனை தையல்?" என்று கேட்பது நம் ஊர் வழக்கம். எதுவரை கிழிந்தது என்று யாரும் கேட்பதில்லை. கேட்க வேண்டியதோ அதைத்தான்.

பிறப்புறுப்புக்கும் ஆசனவாய்க்கும் நடுவில் உள்ள இடம், குழந்தையின் தலை வெளிவரும்போது ஓரளவு கிழிவது சகஜம். தோல் மட்டும் கிழிந்தால் முதல் நிலை, உள்ளே இருக்கும் தசையும் சேர்ந்தால் இரண்டாம் நிலை. இவை பெரும்பாலும் தையலோடு ஆறிவிடும். மலத்தையும் காற்றையும் அடக்கிப் பிடிக்கிற சுருக்குத் தசை கிழிந்தால் அது மூன்றாம் நிலை. மலக்குடலின் உள்சவ்வும் சேர்ந்து கிழிந்தால் நான்காம் நிலை. பிரிட்டன் கணக்குப்படி, தலைப்பிரசவத்தில் நூற்றில் சுமார் 6 பேருக்கு இந்தக் கடைசி இரண்டு நிலைகளில் ஒன்று நேர்கிறது. ஏற்கெனவே பிள்ளை பெற்றவர்களில் இது நூற்றில் 2 பேருக்கும் குறைவு.

"சரியா முக்கத் தெரியல, அதான் கிழிஞ்சுது" என்று அந்தப் பெண்ணின் மேலேயே பழியைப் போடுவதுதான் முதல் தவறு. இது நடக்கும் வாய்ப்பைக் கூட்டுகிற காரணங்கள் வேறு. முதல் பிரசவமாக இருப்பது, குழந்தை 4 கிலோவைத் தாண்டுவது, குழந்தையின் முகம் மேல்நோக்கி இருப்பது, தலை வந்தபின் தோள் மாட்டிக்கொள்வது, முக்கும் கட்டம் வெகுநேரம் நீள்வது. எல்லாவற்றையும்விட, ஆயுதம் போட்டு எடுப்பது. அதிலும் தலையில் கிண்ணம் பொருத்தி உறிஞ்சி இழுக்கும் வாக்குவத்தைவிட, இடுக்கி போலப் பிடித்து இழுக்கும் ஃபோர்செப்ஸில் ஆபத்து அதிகம். பிரிட்டன், ஆஸ்திரேலியா போன்ற நாடுகளில் பிள்ளை பெறும் தெற்காசியப் பெண்களுக்கு இது கூடுதலாக நேர்வதாக அங்குள்ள ஆய்வுகள் சொல்கின்றன. அங்கே இருக்கும் நம் பெண்கள் இதைத் தெரிந்துகொண்டு மருத்துவச்சியிடம் முன்பே பேசிவிடுவது நல்லது. இந்தப் பட்டியலில் தாய் முயன்று மாற்றக்கூடியது மிகக் குறைவு. கர்ப்பகாலச் சர்க்கரை இருந்தால் கட்டுக்குள் வைக்கலாம். அது ஏறினால் குழந்தையின் எடையும் ஏறும்.

அடுத்தது அவசரம். எனக்கு மிகவும் வேதனை தருவது இதுதான். தலை தெரிய ஆரம்பித்ததும் சுற்றி நிற்கும் எல்லோரும் "முக்கு, முக்கு, விடாதே" என்று குரல் கொடுப்பார்கள். உண்மையில் அந்தச் சில நிமிடங்களில்தான் வேகம் குறைய வேண்டும். மிளகாய் தடவியது போல அந்த இடம் எரியும்போது முக்குவதை நிறுத்தி, வாயால் ஊதி ஊதி மூச்சு விட்டால் தலை மெதுவாக வரும், தோலும் தசையும் விரிய நேரம் கிடைக்கும். பிரசவம் பார்ப்பவர் ஒரு கையால் தலையின் வேகத்தைத் தாங்கி, மறு கையால் கீழே அணைகொடுத்துப் பிடிப்பதும் இதற்காகத்தான். முக்கும் கட்டத்தில் வெந்நீரில் நனைத்துப் பிழிந்த சுத்தமான துணியை அங்கே ஒற்றி வைத்தால் மூன்றாம், நான்காம் நிலைக் கிழிசல்கள் குறைகின்றன. இதற்கு என்ன பெரிய செலவு ஆகிவிடப் போகிறது? ஆனால் குழந்தையைத் தள்ளுவதற்காக வயிற்றின் மேல்பகுதியைக் கையால் அமுக்குவது கூடாது. உலக சுகாதார நிறுவனமும் அதைப் பரிந்துரைப்பதில்லை.

35ஆம் வாரத்திலிருந்து எண்ணெய் தொட்டு அந்த இடத்தை மெல்ல நீவிவிடுவது பற்றிப் பலர் கேட்கிறார்கள். முதல் பிரசவக்காரர்களுக்குத் தையல் தேவைப்படுவது இதனால் குறைகிறது. ஆசனவாய்த் தசை கிழிவதை அது தடுத்துவிடும் என்று மட்டும் நம்பிவிட வேண்டாம்.

"பிறப்புறுப்பின் வாயை முன்கூட்டியே கத்தரியால் வெட்டிவிட்டால் கிழியாது" என்பது இன்னொரு தவறான எண்ணம். இயல்பாக நடக்கும் பிரசவத்தில் எல்லோருக்கும் வழக்கமாக வெட்டுவதை உலக சுகாதார நிறுவனம் 2018இல் வெளியிட்ட வழிகாட்டுதல் ஏற்கவில்லை. நேர்கீழாக வெட்டினால் அந்த வெட்டே ஆசனவாய் வரை நீளும் அபாயம் உண்டு. அதற்காக "வெட்டவே கூடாது" என்று பிடிவாதம் பிடிப்பதும் சரியில்லை. தலைப்பிரசவத்தில் ஆயுதம் போட வேண்டி வந்தால், நடுக்கோட்டிலிருந்து சுமார் 60 டிகிரி சாய்த்து வெட்டுவது தசையைக் காப்பாற்ற உதவும்.

அப்புறம், பிரசவம் முடிந்த கையோடு சரியாகப் பார்க்காமல் தைத்துவிடுவது. மேலே தோல் கிழிந்தது சின்னதாகத் தெரியும், உள்ளே தசை அறுந்திருக்கும். ஆசனவாய்க்குள் விரல் விட்டுச் சோதித்தால்தான் அது பிடிபடும். "உள்ளே சோதித்துப் பார்த்தீர்களா, எந்த நிலை?" என்று கேட்க உடன் இருப்பவர்கள் தயங்க வேண்டாம். அந்த நேரத்தில் கேட்கும் தெம்பு பெற்றவளுக்கு இருக்காது. உடனே கண்டுபிடித்து, அனுபவமுள்ளவர் ஆபரேஷன் தியேட்டரில் வைத்துத் தைத்தால், 10 பேரில் 6 முதல் 8 பேர் வரை ஒரு வருடத்தில் எந்தத் தொந்தரவும் இல்லாமல் இருக்கிறார்கள்.

வீட்டில் செய்யும் தவறும் ஒன்று உண்டு. "தண்ணி நிறைய குடிச்சா தையல்ல சீழ் வைக்கும்" என்று பத்தியம் என்ற பேரில் தண்ணீரைக் குறைத்துவிடுகிறோம். மலம் இறுகுகிறது. முக்கிப் போகும்போது முழு அழுத்தமும் தையலின் மேல் விழுகிறது. வேண்டியது இதற்கு நேர்மாறானது: தாராளமாகத் தண்ணீர், கீரை, காய்கறி, பழம், மருத்துவர் எழுதிக்கொடுத்த மலமிளக்கி மருந்து. முதல் தடவை மலம் கழிக்கப் பயந்து அடக்கி வைத்தால் மலம் இன்னும்தான் இறுகும்.

காற்று அடக்க முடியவில்லை, கழிப்பறைக்குப் போவதற்குள் உள்ளாடையில் பட்டுவிடுகிறது என்றால் "பிள்ளை பெத்தா அப்படித்தான்" என்று இருந்துவிடக் கூடாது. இதை வெளியே சொல்லாமல், கல்யாண வீட்டுக்குக்கூடப் போகாமல், வருடக்கணக்காகத் துணி வைத்துக்கொண்டு காலம் தள்ளும் பெண்கள் இருக்கிறார்கள். கணவனுக்கே தெரிந்திருக்காது. இதற்கு வைத்தியம் உண்டு. காற்றை அடக்குவது போல இறுக்கி விடும் இடுப்புத்தளப் பயிற்சியை பிசியோதெரபிஸ்ட் சொல்லித் தருவார். அது போதாதபோது தசையை ஸ்கேன் செய்து பார்த்து மேற்கொண்டு முடிவெடுப்பார்கள்.

டிஸ்சார்ஜ் சீட்டில் கிழிசல் எந்த நிலை என்று எழுதி வாங்கிப் பத்திரமாக வைத்திருங்கள். அடுத்த கர்ப்பத்தின் முதல் செக்கப்பிலேயே அதைக் காட்ட வேண்டும். மறுபடியும் அப்படிக் கிழியும் வாய்ப்பு நூற்றில் 5 முதல் 7 வரைதான். தொந்தரவு ஏதும் இல்லாதவர்கள் அடுத்ததையும் சுகப்பிரசவமாகப் பெற முயலலாம். இன்னும் அடக்க முடியாத சிரமம் இருப்பவர்களிடம் சிசேரியன் பற்றியும் மருத்துவர் பேசுவார்.