முக்திநாத் யாத்திரை: தவிர்க்க வேண்டிய தவறுகள்

கம்பளி எடுத்துக்கொள்ளுங்கள், மாத்திரையை மறக்காதீர்கள் என்றெல்லாம் வீட்டிலேயே சொல்லி அனுப்பிவிடுவார்கள். சாளக்கிராம திவ்ய தேசமான முக்திநாத்தைச் சேவிக்க முதல்முறை நேபாளம் வருகிறவர்கள் ஆண்டுதோறும் சிக்கிக்கொள்ளும் இடங்கள் வேறு.

உபரி நாள் வைக்காத திட்டம்

காலையில் பொக்காராவிலிருந்து முக்திநாத்துக்கு அருகே விமானம் இறங்கும் ஜோம்சோம், அன்றே தரிசனம், மறுநாள் காலை பொக்காரா, மாலையில் காத்மாண்டுவிலிருந்து டெல்லி விமானம். இப்படி ஒரு திட்டத்தை யாராவது நீட்டினால் இன்றும் எனக்குக் கோபம் வருகிறது.

ஜோம்சோம் விமான நிலையம் அன்னபூர்ணாவுக்கும் தவுலகிரிக்கும் இடையில் காளி கண்டகிப் பள்ளத்தாக்கில் இருக்கிறது. வெயில் ஏற ஏற வடக்கே உள்ள மேட்டுநிலம் சூடாகி, பள்ளத்தாக்கின் வழியே காற்றை இழுக்கும். சிறிய விமானங்கள் அதைத் தாங்காது என்பதால் காலையில் மட்டுமே பறக்கின்றன. அந்தக் காலையில் மேகம் மூடிவிட்டால் அன்றைக்கு அவ்வளவுதான். மறுநாள் விமானமோ ஏற்கெனவே நிறைந்திருக்கும்.

ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவரும் அவர் மனைவியும் இப்படித்தான் ஜோம்சோமில் நின்றுவிட்டார்கள். ஜீப் பிடித்து, பகல் முழுதும் குலுங்கி, இருட்டிய பிறகு பொக்காரா சேர்ந்தார்கள். அதற்குள் டெல்லி விமானம் போய்விட்டது. தனியாக எடுத்திருந்த சென்னை டிக்கெட்டும் வீண். “சீசனில் ரத்தாகாது என்று ஏஜென்ட் சொன்னாரே” என்று அந்த அம்மா திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தார். சொன்னவருக்கு இந்தக் காற்றைப் பற்றி நன்றாகத் தெரியும். ஒரு நாளைக் குறைத்தால் கட்டணம் குறைவாகத் தெரியும் என்பதற்காகவே அப்படிச் செய்கிறார்கள்.

ஜோம்சோமிலிருந்து திரும்பும் நாளுக்கும் ஊர் திரும்பும் விமானத்துக்கும் நடுவே ஒரு முழு நாளாவது விடுங்கள். விமானம் ரத்தானால் ஜீப் செலவு யாருடையது என்பதை முன்பணம் கொடுக்கும் முன்பே எழுத்தில் வாங்குங்கள். ஜூன் முதல் செப்டம்பர் வரை மண்சரிவுக் காலம். அப்போது போகவே வேண்டாம்.

ஆதார் போதும் என்ற நினைப்பு

போதாது. இந்தியாவிலிருந்து விமானத்தில் நேபாளம் செல்ல பாஸ்போர்ட் அல்லது வாக்காளர் அட்டை வேண்டும். 15 வயதுக்குக் கீழும் 65 வயதுக்கு மேலும் உள்ளவர்களுக்கு மட்டுமே ஆதார் செல்லும். ஆதாரை மட்டும் காட்டினால், விமான நிலையத்தில் எழுபது வயது அப்பாவை உள்ளே விட்டுவிட்டு, அறுபது வயது அம்மாவை நிறுத்துவார்கள்.

வெறும் வயிற்றில் நீராடல்

முக்திநாத் 3,700 மீட்டருக்கும் மேலே இருக்கிறது. விமானத்தில் வந்த உடம்பு அந்த உயரத்துக்குப் பழகியிருக்காது. பட்டினியோடு படியேறி, பனிநீர் கொட்டும் 108 தாரைகளுக்கு அடியில் ஓடுவது இதய நோயாளிகளுக்கு ஆபத்து. முந்தைய இரவு ஜோம்சோமில் தங்குங்கள். முடியாதவர்கள் தீர்த்தத்தைத் தலையில் தெளித்துக்கொண்டாலே போதும்.

அனுமதிச்சீட்டு

முக்திநாத் இருக்கும் அன்னபூர்ணா பாதுகாப்புப் பகுதிக்குள் நுழைய இது வேண்டும். பொக்காராவிலேயே வாங்கிவிடுங்கள்.

கடிகாரம்

நேபாள நேரம் நம் நேரத்தைவிட 15 நிமிடம் முந்தியது. அதற்கேற்ப முன்னே தள்ளி வையுங்கள்.

பணம்

நம் 100 ரூபாய்க்கு நேபாளத்தில் 160 ரூபாய். விலை பேசும்போதே ‘ஐ.சி.யா, என்.சி.யா’ என்று கேளுங்கள். இந்தியப் பணத்தையும் நேபாளப் பணத்தையும் கடைக்காரர்கள் அப்படித்தான் சொல்வார்கள்.