ஊர் ஏரியிலேயே பறவை பார்க்கலாம்: தர்மபுரி, கிருஷ்ணகிரிக்காரர்களுக்கு ஒரு செய்முறை

பறவை பார்ப்பது என்றதும் நம் பக்கத்தில் பலரும் வேடந்தாங்கலுக்கு வண்டி பேசக் கிளம்பிவிடுகிறார்கள். போய் வரட்டும், தப்பில்லை. ஆனால் பழகிக்கொள்ள உங்கள் ஊர் ஏரிதான் சரியான இடம். வருஷத்துக்கு ஒரு தரம் போகிற இடத்தில் இருப்பதைப் பார்த்துவிட்டு வரலாம், அவ்வளவுதான். வாரா வாரம் போகிற இடத்தில்தான் எது வந்தது, எது இந்த வருஷம் வரவே இல்லை என்று சொல்ல முடியும். பின்னால் பாதுகாப்பு என்று பேசப் போகும்போது கைகொடுப்பது இந்த 'வரவே இல்லை'தான்.

படி 1: ஒரே ஒரு இடம்

வீட்டிலிருந்து நடந்தோ சைக்கிளிலோ கால் மணி நேரத்தில் போய்ச் சேரக்கூடிய இடமாகப் பிடியுங்கள். பாரூர்க்காரர்களுக்குப் பெரிய ஏரி இருக்கிறது. ஓசூருக்கு ராமநாயக்கன் ஏரியும் கெலவரப்பள்ளி அணையும். பாலக்கோட்டுப் பக்கம் பஞ்சப்பள்ளி சின்னாறு அணை, பென்னாகரம் பக்கம் நாகாவதி அணை. கிருஷ்ணகிரி அணையைச் சொல்லவே வேண்டாம். ஏரியே இல்லையா? மாந்தோப்பு, புளியமரச் சாலை, கொள்ளு விதைத்த மானாவாரிக் கொல்லை எதுவானாலும் சரி.

ஒரு எச்சரிக்கை. தளி, தேன்கனிக்கோட்டை, அஞ்செட்டி, சானமாவு பக்கம் இருப்பவர்கள் கேழ்வரகு முற்றும் காலத்தில் இருட்டோடு கிளம்ப வேண்டாம். கர்நாடகக் காடுகளிலிருந்து யானைக் கூட்டம் இறங்கி வருவது அப்போதுதான், ஏரிக்கும் வரும். வனத்துறை ஆட்களிடமோ, மாடு மேய்ப்பவர்களிடமோ முதல் நாளே கேட்டுக்கொண்டு, வெளிச்சம் வந்த பிறகு போங்கள். 2014-இல் அறிவிக்கப்பட்ட காவிரி வடக்கு வனஉயிரினச் சரணாலயம், 2022-இல் வந்த காவிரி தெற்குச் சரணாலயம், மற்ற காப்புக்காடுகள் எல்லாவற்றுக்கும் அனுமதி வாங்கித்தான் உள்ளே போக வேண்டும்.

படி 2: நேரம், உடை, பைனாகுலர்

காலை ஆறிலிருந்து எட்டரை வரை நல்ல நேரம். சூரியன் உங்கள் முதுகுப் பக்கம் இருக்கும்படி நில்லுங்கள். எதிர் வெயிலில் பார்த்தால் எல்லாப் பறவையும் கறுப்பாகத்தான் தெரியும். பளிச்சென்ற சட்டை வேண்டாம். பாசிப்பச்சை, காக்கி, மண் நிறம் எது இருக்கிறதோ அதைப் போட்டுக்கொள்ளுங்கள்.

பைனாகுலர் முதல் நாளே தேவையில்லை. வாங்குவதென்றால் 8x42 போதும். எட்டு மடங்கு பெரிதாகக் காட்டும், முன் கண்ணாடி 42 மில்லிமீட்டர் என்று அர்த்தம். '50 மடங்கு, 100 மடங்கு' என்று விளம்பரம் செய்கிற மலிவு ரகங்களைத் தொடாதீர்கள். கை ஆட்டத்தில் ஒன்றும் தெரியாது.

வாங்கியதும் பலரும் செய்யாமல் விடுகிற வேலை ஒன்று இருக்கிறது. வலக்கண்ணை மூடிக்கொண்டு, தூரத்துப் பலகை ஒன்றை இடக்கண்ணால் பார்த்தபடி நடுச்சக்கரத்தைத் திருப்பித் தெளிவாக்குங்கள். பிறகு இடக்கண்ணை மூடி, வலக்கண் வளையத்தை மட்டும் திருப்பி அதே பலகையைத் தெளிவாக்குங்கள். அந்த வளையத்தை இனி தொட வேண்டாம். கண்ணாடி போடுபவர்கள் ரப்பர் விளிம்பை மடக்கிவிட்டுப் பார்க்கலாம். பறவையைக் கண்டதும் பார்வையை எடுக்காமல், பைனாகுலரைக் கண்ணுக்குத் தூக்க வேண்டும். குனிந்து பைனாகுலரைத் தேடினால் பறவை போயிருக்கும்.

படி 3: அடையாளம்

முதலில் நிறத்தை விடுங்கள். அளவைப் பாருங்கள்: சிட்டுக்குருவியை விடச் சின்னதா, மைனா அளவா, காக்கையை விடப் பெரிதா? அடுத்து அலகு, கால், அது என்ன செய்துகொண்டிருக்கிறது என்பது. நிறம் கடைசியில்தான்.

கொக்கையே எடுத்துக்கொள்வோம். 'வெள்ளைக் கொக்கு' என்று ஒரே பெயரில் முடித்துவிடுகிறோம். கறுப்பு அலகு, கறுப்புக் கால், ஆனால் காலைத் தூக்கும்போது பாதம் மட்டும் மஞ்சளாகத் தெரிந்தால் அது சின்னக் கொக்கு. மாட்டுக்குப் பின்னாலேயே நடந்து பூச்சி பிடிப்பது, மஞ்சள் அலகு, கட்டைக் கழுத்து என்றால் உண்ணிக்கொக்கு. கரையோரச் சேற்றில் சேறு நிறத்திலேயே குத்துக்கல்லாக உட்கார்ந்திருக்கும் மடையானைப் பக்கத்தில் போகும் வரை கவனிக்கவே மாட்டீர்கள். எழும்பிப் பறந்ததும் இறக்கை முழுக்க வெள்ளை. முதல் தடவை பார்ப்பவர்கள் வேறு பறவை என்றே நினைப்பார்கள்.

ஆட்காட்டியிலும் இரண்டு. தண்ணீர் ஓரம் கத்திக்கொண்டு திரிவது சிவப்பு மூக்கு ஆட்காட்டி. காய்ந்த கொல்லையிலும் சரளை மேட்டிலும் இருப்பது மஞ்சள் மூக்கு ஆட்காட்டி, நம் மாவட்டத்து வறண்ட நிலத்துக்கென்றே செய்த பறவை. இரண்டுமே கூடு கட்டாது, வெறும் தரையில் கல்லோடு கல்லாக முட்டை வைக்கும். தலைக்கு மேல் வட்டமடித்துக் கத்தினால், காலடியைப் பார்த்து, வந்த வழியே மெல்லத் திரும்பிவிடுங்கள்.

மாந்தோப்பு வைத்திருப்பவர்கள் குளிர்காலத்தில் மாங்குயிலைத் தேடலாம். மஞ்சள் உடம்பு, கறுப்பு இறக்கை, கண் வழியே மை தீட்டியது போல ஒரு கோடு. கொஞ்சம் தேறிய பிறகு, பாறையும் புதருமான மலைச்சரிவுகளில் மஞ்சள் தொண்டைச் சின்னானைத் தேடலாம். தென்னிந்தியாவைத் தவிர உலகில் வேறெங்கும் இல்லாத, அழிவை எதிர்நோக்கியிருக்கும் பறவை அது. நம் பக்கத்து மேலகிரி மலைகளில் இருக்கிறது. அவசரம் வேண்டாம், முதலில் காக்கை, மைனா, கரிச்சான், செம்போத்து, பனங்காடை என்று பத்துப் பறவையைத் தூரத்திலிருந்தே சொல்லப் பழகுங்கள்.

படி 4: எண்ணுங்கள், எழுதுங்கள்

எழுதாவிட்டால் பார்த்ததெல்லாம் இரண்டே வாரத்தில் குழம்பிவிடும். நோட்டு போதும். ஆனால் அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகப் பறவையியல் ஆய்வகம் 2002 முதல் நடத்தும் 'இபேர்ட்' செயலியில் ஏற்றினால் உங்கள் கணக்கு ஆய்வாளர்களுக்கும் பயன்படும். இலவசம்தான். சிக்னல் இல்லாத இடத்திலும் பதிந்துகொண்டு, வீட்டுக்கு வந்து அனுப்பலாம்.

கரையில் நின்றதும் பட்டியலைத் தொடங்குங்கள். குறைந்தது 15 நிமிடம் பாருங்கள். கண்டதையும் கேட்டதையும் முழுக்க எழுதுங்கள், காக்கையும் புறாவும் உட்பட. முடிக்கும்போது, அடையாளம் தெரிந்த பறவைகள் எல்லாவற்றையும் பதிந்துவிட்டீர்களா என்று செயலி கேட்கும். ஒன்றையும் விடாமல் பதிந்திருந்தால்தான் 'ஆம்'. காக்கைதானே என்று விட்டுவிட்டு 'ஆம்' போட்டால், அந்த ஏரியில் அன்று காக்கையே இல்லை என்றாகிவிடும். முழுப்பட்டியலுக்கு மதிப்பு வருவதே இதனால்தான்: எழுதாத பறவை அங்கே கண்ணில் படவில்லை என்று அது சாட்சி சொல்கிறது.

கூட்டமாக இருந்தால்? முதல் பத்தை ஒவ்வொன்றாக எண்ணி, அந்தப் பத்து எவ்வளவு இடத்தை அடைக்கிறது என்று மனதில் வாங்குங்கள். அதே அளவில் கூட்டம் முழுவதையும் துண்டு போடுங்கள். நூற்றைம்பது நாமக்கோழியை நூற்று நாற்பது என்று எழுதினால் குடிமுழுகாது. எண்ணாமல் விடுவதுதான் நஷ்டம்.

குரலைக் கேட்டுப் பெயர் சொல்லும் 'மெர்லின்' செயலி நல்ல துணை. ஆனாலும் அது சொன்னதைக் கண்ணால் பார்த்தோ, நீங்களே குரலை அறிந்தோ உறுதி செய்யாமல் பட்டியலில் சேர்க்காதீர்கள்.

படி 5: ஆள் சேருங்கள்

நாலைந்து பேர் போதும். முப்பது பேர் கூட்டிப்போனால் அது ஊர்வலம்தான். ஒருவர் எண்ண, ஒருவர் எழுத, பிள்ளைகள் கண்டுபிடித்துச் சொல்லட்டும். அவர்கள் கண் நம்மை விடக் கூர்மை. மாடு மேய்க்கும் பெரியவர் ஒருவரைக் கூடச் சேர்த்துக்கொண்டால் உங்கள் பாடு பாதி முடிந்தது. எந்த மரத்தில் எந்த மாதம் எது அடையும் என்பது அவருக்குத்தான் தெரியும்.

தொடங்குவதற்குத் தோதான நாட்கள்: தமிழ்நாடு முழுக்க நடக்கும் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பு, பிப்ரவரி நடுவில் உலகம் முழுக்க நான்கு நாள் நடக்கும் கணக்கெடுப்பு. வலசை வந்த, அதாவது குளிர்காலத்துக்கு இடம்பெயர்ந்து வந்த, வாலாட்டிகளும் வாத்துகளும் அப்போது இங்கேதான் இருக்கும்.

படி 6: பாதுகாப்பு வேலை

தண்ணீர்க் கிண்ணம் வைப்பதோடு பலரும் நின்றுவிடுகிறார்கள். வைக்கலாம். ஆழமில்லாத மண்சட்டியாக இருக்கட்டும், தினமும் கழுவி மாற்றுங்கள். சிட்டுக்குருவிப் பெட்டிக்கு 32 மில்லிமீட்டர் துளை போதும். நிழலில், பூனைக்கு எட்டாத உயரத்தில் மாட்டுங்கள். ஆனால் என்னைக் கேட்டால், இதையெல்லாம் விடப் பெரிய வேலை ஏரியில்தான் இருக்கிறது.

கோரைப்புல்லுக்குத் தீ வைப்பதைத் தடுங்கள். தாழைக்கோழி என்ற நீர்ப்பறவையின் கூடு அதற்குள்தான். காய்ந்த பனையை வெட்டாமல் விடச் சொல்லுங்கள். கிளிக்கும் புள்ளி ஆந்தைக்கும் அந்தப் பொந்துதான் வீடு. கொக்குகள் கூடு வைத்திருக்கும் நேரத்தில் கருவேல மரங்களை ஏலம் விட்டு வெட்ட வேண்டாம் என்று கேளுங்கள், சில மாதம் தள்ளிப்போட்டால் போதும். வண்டல் எடுக்கும்போது ஏரியைத் தொட்டி மாதிரி ஒரே ஆழத்துக்குச் செங்குத்தாக வெட்டிவிட்டால், ஆழமில்லாத தண்ணீரில் நடந்து இரை தேடும் உள்ளானுக்கும் கொக்குக்கும் இடமே இருக்காது. ஒரு பக்கமாவது சரிவாக விடச் சொல்லுங்கள். கிழிந்த மீன்வலையைக் கரையில் கண்டால் சுருட்டி எடுத்து வந்துவிடுங்கள்.

கிளி, கௌதாரி, காட்டுக் காடை, மடையான் ஆகியவற்றைப் பிடிப்பதும் விற்பதும் 1972 வனஉயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். யாராவது கண்ணி வைத்தால் நீங்கள் போய்ச் சண்டை போட வேண்டாம், வனச்சரக அலுவலகத்துக்குச் சொல்லுங்கள். அதேபோல, கூட்டைப் படம் எடுத்து இடத்தோடு வாட்ஸ்அப்பில் போடாதீர்கள். படம் எடுப்பதற்காகக் குரலை ஒலிக்கவிட்டுப் பறவையை வரவழைக்கும் பழக்கமும் வேண்டாம்.

மேலே 'கேளுங்கள்', 'சொல்லுங்கள்' என்றேனே, அதைக் கேட்க வேண்டிய இடம் கிராம சபை. ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என வருஷத்துக்கு ஆறு முறை கூடுகிறது. 'பறவைகள் பாவம்' என்று பேசினால் சிரித்துவிட்டு அடுத்த பொருளுக்குப் போய்விடுவார்கள். உங்கள் மாதாந்திரப் பட்டியலை ஒரே தாளில் அச்செடுத்து, போன வருஷம் இந்த மாதம் எத்தனை, இந்த வருஷம் எத்தனை, எது வரவே இல்லை என்று காட்டுங்கள். ஏரி, மரம், மாதம் மூன்றையும் குறிப்பிட்டு ஒரே ஒரு கோரிக்கை வையுங்கள். அது தீர்மானப் புத்தகத்தில் ஏறியதா என்று பார்த்துவிட்டு, மனு நகலில் ஊராட்சிச் செயலரிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டு வாருங்கள்.